போன் எப்படிச் செத்துச்சுன்னு பாத்துட்டு பிராண்ட மாத்துங்க

எங்க சித்தப்பா மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடையில நிக்கிறவரு. விடியுறதுக்கு முன்னாடியே ஈரச்சாக்கு, ஈரக்கை, தண்ணி தெளிச்ச மல்லின்னு கிடக்குற எடம் அது. போன வாரம் கூப்புட்டு "டேய், இந்தக் கம்பெனி போனே இனி வேணாம்டா, வேற பிராண்டுக்கு மாறிரலாம்னு இருக்கேன், காசுக்கு ஏத்த மாதிரி எது நல்லாருக்கும்"னாரு. சரி சித்தப்பா, இதுக்கு முன்னாடி வச்சிருந்ததெல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். மொத போன் பூ நனைக்கிற தொட்டிக்குள்ள விழுந்துச்சு, ரெண்டாவது வண்டியில வரும்போது சட்டைப் பையில இருந்து எகிறி ஆரப்பாளையம் ரோட்டுல அப்பளமாயிருச்சு, இப்ப இருக்குறது ஹேங் ஆகுது, நடு நடுவுல விளம்பரம் வருது. மூணுல ரெண்டுக்கு கம்பெனி என்ன பண்ணும் சித்தப்பான்னா, "அதுக்குத்தான்டா மாத்துறேங்குறேன்"றாரு.

சிரிப்பா இருக்கும், ஆனா பிராண்ட் மாத்துறவங்க பாதிப்பேரு கதை இதுதான். கடைக்குப் போனா எத்தன ஜிபி, எத்தன மெகாபிக்சல், எத்தன வாட்ஸ் சார்ஜருன்னு கேக்குறோம், ஆனா நம்ம கையில இருந்த பழைய போன் என்னத்தால செத்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறதில்ல. காசுக்கு வொர்த்தா இல்லையான்னு முடிவு பண்றதே அந்த கேள்விதான்னு நான் நெனைக்கிறேன், ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்.

12,000 ரூபா போன் ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடுதுன்னு வைங்க. 24 மாசம், மாசத்துக்கு 500 ரூபா. 22,000 ரூபா போன் நாலு வருஷம் ஓடுது, நடுவுல பேட்டரி மாத்த ஒரு 2,000, மொத்தம் 24,000, 48 மாசத்தால வகுத்தா அதே 500 ரூபா. ஐபோன் ஒண்ணு 60,000க்கு எடுத்து அஞ்சு வருஷம் ஓட்டி, பேட்டரிக்கு 6,000 போட்டு, கடைசில 15,000க்கு தள்ளிவிட்டா நம்ம கைக்காசு 51,000, மாசம் 850 ஆகுது. இதெல்லாம் கணக்கு புரியறதுக்கு நானா போட்ட நம்பர்தான், உங்க நம்பர நீங்க போட்டுக்கங்க. விஷயம் என்னன்னா அந்த 12,000 போனும் 22,000 போனும் ஆயுசு முழுக்க ஓடுனா ஒரே செலவு, ஆனா ரெண்டும் 14ஆவது மாசத்துலயே தொட்டிக்குள்ள விழுந்துச்சுன்னா சின்னது மாசம் 857 ரூபாயில முடிஞ்சுரும், பெருசு 1,571 ஆயிரும். அதனால "காசு கூடப்போட்டு எடு, நின்னு உழைக்கும்"னு பெரியவங்க சொல்றது யாருக்குப் பொருந்தும்னா, போன் கையில வயசாகிச் சாகுறவங்களுக்கு. விபத்துல சாகுறவங்களுக்கு அது அப்படியே தலைகீழ். எங்க சித்தி இன்னும் 2019ல எடுத்த போன துடைச்சு துடைச்சு வச்சிருக்காங்க, அவங்களுக்கு நான் தாராளமா விலை கூடுனதச் சொல்லுவேன், சித்தப்பாவுக்கு மாட்டேன்.

இப்ப பிராண்டுக்கு வருவோம். 2014 ஜூலைல ஷவோமி மி 3ங்குற போன 13,999 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்ல விட்டு இங்க நுழைஞ்சான், அதே வருஷம் நவம்பர்ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரிய மூடுனாங்க. ஒரு காலம் முடிஞ்சு இன்னொரு காலம் ஆரம்பிச்சது அந்த ஒரு வருஷத்துலதான்னு சொல்லலாம். 2017 கடைசி காலாண்டுல ஷவோமி இந்தியாவுல சாம்சங்கையே தாண்டிட்டான். எப்படி அவ்வளவு கம்மி விலைக்குக் குடுக்க முடிஞ்சுச்சுங்குறதுக்கு அவங்களே பதில் சொல்லிருக்காங்க, ஹார்டுவேர்ல நிகர லாபம் 5 சதவீதத்துக்கு மேல வைக்க மாட்டோம்னு 2018 ஏப்ரல்ல அந்தக் கம்பெனி தலைவர் லேய் ஜுன் அறிவிச்சாரு. அப்ப சம்பாத்தியம் எங்க இருந்து? போனுக்குள்ள வர்ற விளம்பரம், ஆப் ஸ்டோரு, கூடவே போட்டு அனுப்புற ஆப்பு, இப்படித்தான். இது அவங்க ஒருத்தர் மட்டும் பண்றதில்ல, பட்ஜெட் போன் விக்கிற அனேகமா எல்லாருமே ஏதோ ஒரு அளவுல பண்றதுதான். ஆக சித்தப்பா திட்டுற அந்த விளம்பரம் போன் விலையில ஒரு பாகம், கடையில குடுக்காத மிச்சக் காச தெனமும் கண்ணால குடுத்துகிட்டு இருக்காரு. செட்டிங்ஸ்ல ரெக்கமண்டேஷன்னு இருக்குறதெல்லாம் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணா பெரும்பாலும் அடங்கிரும், அதுக்கு ஒரு அரை மணி நேரம் பொறுமை வேணும் அவ்வளவுதான், புது போன் தேவையில்ல.

இன்னொரு கூத்து இருக்கு. ஓப்போ, விவோ, ஒன்பிளஸ், ரியல்மி, ஐகூ இதெல்லாம் பிபிகேங்குற ஒரே சீனக் கம்பெனி வேர்ல இருந்து முளைச்ச பிராண்டுக. ரியல்மி 2018ல ஓப்போவோட துணை பிராண்டா ஆரம்பிச்சதுதான், ஒன்பிளஸ் சாஃப்ட்வேரும் ஓப்போ சாஃப்ட்வேரும் 2021ல இருந்து ஒரே அடித்தளத்துல ஓடுது. ரெட்மியும் போக்கோவும் ஷவோமி வீட்டுப் புள்ளைக. இன்ஃபினிக்ஸ், டெக்னோ, ஐடெல் மூணும் டிரான்ஷன்னு ஒரே கம்பெனி. மோட்டோரோலாவ லெனோவா 2014லயே வாங்கிட்டான். அதனால ரியல்மி பிடிக்கலன்னு கோவிச்சுகிட்டு ஓப்போவுக்கு மாறுறது, பெரியப்பா வீட்டுல சண்டை போட்டுட்டு சித்தப்பா வீட்டுக்குச் சாப்புடப் போற மாதிரி, கொழம்பு ஒரே ருசியாத்தான் இருக்கும். உள்ள இருக்குற சரக்கும் அப்படித்தான், சிப்பு பெரும்பாலும் குவால்காம் இல்லாட்டி மீடியாடெக், கேமரா சென்சார் சோனி, சாம்சங், ஆம்னிவிஷன்னு விரல் விட்டு எண்ணிரலாம். நெசமா பிராண்ட் மாறுறதுன்னா சாம்சங், ஐபோன், பிக்சல், இந்தச் சீனக் குடும்பங்கன்னு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் தாவுறதுதான்.

சிப்பு பேர்லயும் ஏமாறக்கூடாது. மீடியாடெக் டைமென்சிட்டி 7050ன்னு ஒண்ணு வந்துச்சு, அது ஏற்கனவே இருந்த 1080ஏதான், பேரு மட்டும் புதுசு. 6080னு வந்ததும் பழைய 810தான். நம்பர் பெருசா இருக்கேன்னு போன மாடல விட இது மேலன்னு நெனச்சு எக்ஸ்சேஞ்ச் போட்டவங்கள எனக்குத் தெரியும். அதே மாதிரி "8 பிளஸ் 8 ஜிபி ரேம்"னு போட்டிருப்பான், அதுல பின்னாடி வர்ற 8 ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்குனது, நெச ரேம் கிடையாது. ஸ்டோரேஜ் மெதுவா ஓடுற இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையான்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா ஒரு வருஷம் கழிச்சு ஹேங் ஆகுது ஹேங் ஆகுதுன்னு பொலம்புறதுக்கு முக்காவாசிக் காரணம் மலிவான இஎம்எம்சியும், குட்மார்னிங் வீடியோவால நெறஞ்சு வழியுற மெமரியும்தான். மெகாபிக்சலுக்குக் குடுக்குற காச இதுக்குக் குடுக்கலாம்.

சரி, சாவுக் கணக்குக்கு வருவோம், இதுலதான் விஷயமே இருக்கு. வயசாகிச் சாகுற போன்ல மொதல்ல போறது பேட்டரி. லித்தியம் பேட்டரிய மொத்தமா ஒரு தடவை தீத்தா அது ஒரு சைக்கிள், பழைய கணக்குல 500 சைக்கிள்ல கொள்ளளவு 80 சதவீதத்துக்கு எறங்கிரும். தெனம் ஒரு ஃபுல் சார்ஜ் போடுறவருக்கு அது ஒண்ணரை வருஷம்கூட வராது. இப்ப நெலமை பரவால்ல, ஐபோன் 15ல இருந்து 1,000 சைக்கிள்னு ஆப்பிள் சொல்றான், ஐரோப்பாவுல 2025 ஜூன்ல இருந்து விக்கிற போனுக்கு 800 சைக்கிள் தாங்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க, ஸ்பேரும் ஏழு வருஷத்துக்கு கிடைக்கணும்னு அதுல இருக்கு. நமக்கு அந்தச் சட்டம் இல்ல. போதாததுக்கு நம்மூர் வெயிலு. லித்தியத்துக்கு எமன் சூடுதான், சித்திரைத் தேர் மாசி வீதியில வரும்போது வெயில்ல நின்னு பத்து நிமிஷம் வீடியோ எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன் தானா மங்கி, போன் சூடாயிருச்சு கேமராவ மூடுறேன்னு மெசேஜ் வரும். அந்தச் சூட்டோட பவர் பேங்க்ல மாட்டி சட்டைப்பையில போட்டு சார்ஜ் ஏத்துறவங்கதான் ரெண்டாவது வருஷம் "இந்த பிராண்ட் பேட்டரியே நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க.

ரெண்டாவது, அப்டேட். 2023 அக்டோபர்ல பிக்சல் 8க்கு ஏழு வருஷம்னு கூகுள் சொன்னான், 2024 ஜனவரில எஸ்24க்கு சாம்சங்கும் ஏழுன்னான், பெறகு ஏ16 5ஜி மாதிரி கீழ்த்தட்டு போனுக்கே ஆறு வருஷம்னான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்மி ரேம் இருக்குற போனுக்கு ஆறு வருஷம் அப்டேட் குடுக்குறது, பழைய டவுன்பஸ்ஸுக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுத்துக் குடுக்குற மாதிரி, பேப்பர் கிளீனா இருக்கும், மேடு ஏறாது. அப்டேட் நின்னா மறுநாளே வாட்ஸப் ஓடாதுன்னு ஒரு பயம் கெளப்பி விட்டுருக்காங்க, அதுவும் அவ்வளவு உண்மை இல்ல. 2025 ஜனவரிலதான் வாட்ஸப் ஆண்ட்ராய்டு 4ஐயே கைவிட்டுச்சு, அதாவது ஆண்ட்ராய்டு 5 வந்து பத்து வருஷம் கழிச்சு. பயப்பட வேண்டியது செக்யூரிட்டிக்கு, அதுலயும் பேங்க் ஆப், ஜிபேன்னு மொத்தக் காசும் போன்ல வச்சிருக்குறவங்க.

மூணாவது டிஸ்பிளே, விபத்துச் சாவு. கடைக்காரங்க பாஷையில காம்போ, டிஸ்பிளேயும் டச்சும் சேந்து ஒரே பீஸா வர்றது. போன் வாங்குறதுக்கு முன்னாடியே டவுன்ஹால் ரோட்டுல ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில அந்த மாடலுக்கு காம்போ என்ன வெலைன்னு கேட்டுட்டு வாங்குங்க, இத விட நல்ல யோசனை எனக்குத் தெரியல. சாதாரண எல்சிடி சல்லிசா முடிஞ்சுரும், அமோலெட்னா எகிறும், ஓரம் வளைஞ்ச அமோலெட்னா போன் விலையில மூணுல ஒரு பங்க கேட்டாலும் கேப்பாங்க. கம்மி விலைக்கு அமோலெட் மாத்தித் தர்றேன்னு சொன்னா உஷாரு, அதுல பலதும் எல்சிடி காப்பிதான், போட்ட பெறகு ஸ்கிரீனுக்கு உள்ள இருக்குற ஃபிங்கர்பிரிண்ட் வேலை செய்யாது. அந்த சென்சாரு ஸ்கிரீன் வழியா வெளிச்சம் அடிச்சு ரேகைய படிக்கிறது, எல்சிடிக்கு பின்னாடி பேக்லைட் மறைச்சுகிட்டு இருக்கும், எப்படிப் படிக்கும். எனக்கே நடந்துருக்கு. அதுக்கு முன்னாடி வச்சிருந்த ஒரு போன் கதையே வேற, கம்பெனி பேரு வேணாம், கீழ போடல, தண்ணி படல, ஒரு அப்டேட் போட்டேன், மறுநாள் காலையில ஸ்கிரீன்ல மேல இருந்து கீழ வரைக்கும் பச்சைக் கோடு. வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம். சர்வீஸ் சென்டர்ல சொன்ன ரேட்டுக்கு இன்னொரு சின்ன போனே வாங்கிரலாம். வாங்குனேன்.

சித்தப்பா தொழிலுக்கு தண்ணிதான் பெரிய வில்லன். தண்ணி, தூசி எவ்வளவு தாங்கும்னு சொல்றதுதான் ஐபி ரேட்டிங், ஐபி54ன்னா தெறிக்கிறது தாங்கும், தொட்டிக்குள்ள போட்டா தாங்காது, ஐபி68னா முங்குனாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். முன்னாடி விலை கூடுன போன்லதான் இருந்துச்சு, 2024ல ஓப்போ எஃப்27 ப்ரோ பிளஸ்னு முப்பதாயிரத்துக்குள்ளயே ஐபி69 வரைக்கும் குடுத்தான், இப்ப இன்னும் கீழ எறங்கிகிட்டு இருக்கு. ஆனா ஐபி ரேட்டிங் போட்டிருந்தாலும் தண்ணி போச்சுன்னா வாரண்டி பொதுவா கிடையாது, அதயும் சின்ன எழுத்துல போட்டிருப்பான். ஒருதடவை பேக்க கழட்டி ரிப்பேர் பாத்துட்டா தண்ணி உள்ள போகாம தடுக்குற ஒட்டும் போயிரும். ஈரக்கைக்கு ஸ்கிரீன் ஃபிங்கர்பிரிண்ட் சரியா எடுக்காது, ஒலி அலைய வச்சு ரேகை படிக்கிற அல்ட்ராசோனிக்கா இருந்தா கொஞ்சம் பரவால்ல, அது விலை கூட. சைடு பட்டன்ல இருந்தா லுங்கியில விரல ஒரு தொடை தொடச்சுட்டு வச்சா போதும்.

அப்பறம் மாறுற செலவு. நோக்கியா 1100 காலத்துல பிராண்ட் மாத்துறதுன்னா சிம்ம கழட்டி மாட்டுறது, நம்பரெல்லாம் சிம்லயே இருக்கும், சார்ஜர் பின் மட்டும் பிரச்சினை. இப்ப சார்ஜர் எல்லாம் சி டைப் ஆயிருச்சு, ஐபோனே 2023ல 15ல இருந்து மாறிட்டான், ஆனா மத்ததெல்லாம் போனுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. ஆண்ட்ராய்டுல இருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸப் மாத்துறது சுலபம், 2023ல இருந்து கியூஆர் ஸ்கேன் பண்ணியே மாத்திக்கலாம். ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்குப் போறவங்க ஒண்ண ஞாபகம் வச்சுக்கங்க, ஐபோன மொதமொத ஆன் பண்ணி செட் பண்ணும்போதே மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியா வாட்ஸப்ப இழுத்துரணும், கூகுள் டிரைவ்ல பேக்கப் இருக்கேன்னு அசால்ட்டா இருந்தா ஐபோன் அத எட்டிக்கூடப் பாக்காது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயிங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ்தான் சித்தப்பாவோட கணக்குப் புத்தகம், அது போனா நெலமை என்ன ஆகுறது. யுபிஐக்கு பேங்க்ல குடுத்த அதே சிம் புது போன்ல இருக்கணும், எஸ்எம்எஸ் போற அளவுக்கு பேலன்ஸ் இருக்கணும், மாத்துன மொத 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல போகாதுன்னு பேங்க் தடுத்து வச்சாலும் வைக்கும். முகூர்த்த நாளுக்கு மொத நாள் போன் மாத்தாதீங்கன்னு அவர்ட்ட சொன்னதுக்கு காரணம் அதுதான்.

அவருக்கு இன்னொரு தேவை, கால் ரெக்கார்டிங். மல்லி காலையில ஒரு விலை, மதியம் ஒரு விலை, "நான் அப்படிச் சொல்லவே இல்லயேண்ணே"ன்னு அங்குட்டு இருந்து சொல்லிட்டா ரெக்கார்டுதான் சாட்சி. 2022 மே மாசத்துல இருந்து வெளி ரெக்கார்டிங் ஆப்பையெல்லாம் கூகுள் பிளே ஸ்டோர்ல முடக்கிட்டான். கூகுளோட சொந்த டயலர்ல, அதாவது கால் பண்ற ஆப்புல, ரெக்கார்ட் பண்ணா ரெண்டு பக்கமும் அறிவிப்பு சொல்லிரும், ஐபோன்ல 2024 கடைசிலதான் அந்த வசதியே வந்துச்சு, அதுவும் அறிவிப்போடதான். சாம்சங் மாதிரி சொந்த டயலர் வச்சிருக்குறவன்ட்ட இந்தத் தொல்லை கெடயாது. அடுத்தவன்ட்ட சொல்லாம ரெக்கார்ட் பண்றது சரியாங்குறது வேற பஞ்சாயத்து, ஆனா யாவாரி போன் வாங்கும்போது கேமராவுக்கு முன்னாடி இதத்தான் பாக்குறாங்குறது எந்த ரிவ்யூலயும் வராது.

விலையப் பத்தி கொஞ்சம். 2020 ஏப்ரல்ல இருந்து போனுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 18 சதவீதம் ஆயிருச்சு, அதனால 17,700 ரூபா போன்ல 2,700 வரிதான். பெட்டியில போட்டிருக்குற எம்ஆர்பிய பாத்து "ஆறாயிரம் தள்ளுபடி"ன்னு சந்தோசப்படாதீங்க, அந்த எம்ஆர்பிக்கு ஒருத்தனும் வித்ததில்ல. நோ காஸ்ட் இஎம்ஐயும் அப்படித்தான், ஜீரோ வட்டிங்குறதே கெடயாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, அதுக்கப்பறம் வட்டிய தள்ளுபடியா கழிச்சுக் காட்டுறாங்க, வட்டிக்கு மேல ஜிஎஸ்டியும் புராசஸிங் ஃபீஸும் நம்ம தலையில. மொத்தக் காசா குடுத்தா வேற டிஸ்கவுண்ட் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு கார்ட நீட்டுங்க. செகண்ட்ஸ்ல எடுக்குறவங்க ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு வர்ற ஐஎம்இஐங்குற போனோட அடையாள நம்பர, கேஒய்எம்னு டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டு போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, திருட்டு போன்னு பிளாக் பண்ணிருந்தா தெரிஞ்சுரும். பில்லும் பாக்ஸும் இல்லாம எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் வேணாம்.

கடைசில சித்தப்பாவும் நானும் போய் எடுத்தோம். எல்சிடி, தட்டை ஸ்கிரீன், சைடு ஃபிங்கர்பிரிண்ட், சொந்த டயலர், காம்போ ரேட்டு விசாரிச்சாச்சு, 12,000க்கு கொஞ்சம் கீழ. வீட்டுக்கு வந்து பெட்டிய பிரிச்சப்பறம்தான் சொன்னேன், இது அவரு இத்தன நாள் திட்டுன அதே கம்பெனியோட தம்பி பிராண்டுன்னு. ஒரு முறை முறைச்சாரு. விளம்பரத்தையெல்லாம் ஒக்காந்து ஆஃப் பண்ணிக் குடுத்துட்டு, கழுத்துல தொங்குற பிளாஸ்டிக் தண்ணிக் கவர் ஒண்ணு நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டிவிட்டேன். அதுக்குள்ள இருந்தா ரேட்டு சொல்றது சரியா காதுல விழ மாட்டேங்குதுன்னு நேத்து அத கழட்டி தராசு ஆணியில மாட்டிருக்காராம்.